காப்பிரிக்கு எதற்குச் சுருட்டு?

கொச்சி மட்டாஞ்சேரியில் மங்காட்டுமுக்கு என்று ஒரு தெருமுனை. அங்கே ஒரு சுவரோரம் காப்பிரி முத்தப்பனுக்கு இடம் இருக்கிறது. கோயில் என்று சொன்னால் பெரிதாகிவிடும், இடம் என்பதுதான் சரி. மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், சுருட்டு வைக்கிறார்கள். காரியம் கைகூடியவர்கள் கள், புட்டு, அவித்த முட்டை, இறைச்சி என்று கொண்டுவருகிறார்கள். இன்ன மதத்தார்தான் வர வேண்டும் என்றில்லை. முத்தப்பன் யார் என்று கேட்டால், பெயர் தெரியாத ஓர் ஆப்பிரிக்க அடிமை என்பார்கள். செத்து 360 வருஷம் தாண்டிவிட்டது. ஆனால் அவர் எங்கும் போகவில்லை.

கதை இதுதான். 1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் கொச்சிக் கோட்டையைப் பிடித்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே வேரூன்றியிருந்த போர்ச்சுக்கீசியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. சேர்த்த பொன்னையெல்லாம் கையோடு கொண்டுபோக வழியில்லை. பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சுவருக்குள்ளும் மரத்தடியிலும் புதைத்தார்கள். காவலுக்கு ஆள் வேண்டுமே! ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்து வந்திருந்த அடிமைகளைச் சங்கிலியில் பிணைத்துக் கொன்று, புதையலோடு சேர்த்து மூடினார்கள். உயிருள்ள காவலாளி தூங்குவான், ஓடிப்போவான், எதிரிக்கு விலைபோவான். செத்தவனுக்கு அந்தத் தொல்லைகள் கிடையாது என்பது கணக்கு. புதைத்தவர்கள் திரும்பவே இல்லை. காவல் மட்டும் நடக்கிறது.

இது ஊர் வாய்க்கதை. இதற்குப் பட்டயமோ ஏடோ கேட்கக் கூடாது. ஆனால் போர்ச்சுக்கீசியர் கொச்சிக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்ததும், அவர்களை விரட்டிய டச்சுக்காரர்களும் அதே ஊரில் அடிமை வியாபாரம் செய்ததும் சரித்திரம். அந்தச் சரித்திரத்துக்கு மட்டாஞ்சேரியில் கல்வெட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை, சுருட்டு வைக்கத் தோன்றியிருக்கிறது.

காப்பிரி ஆளை அடிக்கும் பேய் இல்லை. இரவில் மதில்மேல் உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருப்பார் என்பார்கள். வழி தவறியவருக்கு வழி சொல்வார். காணாமல்போன பொருளைத் தேட உதவுவார். தனிமையில் இருக்கும் ஒரு நல்ல மனிதரைப் பற்றிப் பேசுவது போலவே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். நினைவு இருக்கிறது, கடமை இருக்கிறது, சுபாவம்கூட இருக்கிறது. இல்லாதது உடல் ஒன்றுதான்.

மனிதப் பிரக்ஞை உடலுக்கு அப்பாலும் இருக்க முடியுமா என்ற கேள்வியைத் தத்துவக்காரர்களிடம் கேட்டால் மூன்று நாள் ஆகும். மட்டாஞ்சேரியில் ஒரு நிமிஷத்தில் பதில் கிடைக்கிறது: இருக்கும், அதோ மதில்மேல் இருக்கிறார். சரி. ஆனால் உடலே இல்லாதவருக்கு, நுரையீரலே இல்லாதவருக்கு, எதற்குச் சுருட்டு?

கேலிக்காகக் கேட்கவில்லை. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் மட்டாஞ்சேரியிலிருந்து இடப்பள்ளி வரைக்கும், அங்கிருந்து காலடி வரைக்கும், ஏன், நம் திருவாவடுதுறை வரைக்கும்கூட ஒரே நூல் ஓடுவது தெரிகிறது. உயிர் உடலைக் கடந்தது என்று உறுதியாக நம்புகிறவர்களாலும் உடல் இல்லாத உயிரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. எங்கேயாவது ஓர் உடலைக் கடன் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மட்டாஞ்சேரியிலேயே இன்னொருவர் இருக்கிறார், நெஹேமியா மோத்தா. ஏமனிலிருந்து வந்த யூத ஞானி என்பது வழக்கு. கபாலா என்னும் யூத மறைஞான மரபைச் சேர்ந்தவர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர். உயிர்கள் உடல் மாறி உடல் மாறிப் பிறக்கின்றன என்று சொல்லும் மரபு அது. 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்க்கச் சுற்றுலாக் கூட்டம் வரிசை கட்டுகிறது. மோத்தாவின் சமாதிக்கு வருவது பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். யூதர்கள் ஏறக்குறைய எல்லோரும் 1948-க்குப் பிறகு இஸ்ரேல் போய்விட்டார்கள். இப்போது மெழுகுவர்த்தி ஏற்றுவது இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும்தான். எல்லாம் கடந்த ஞானியிடம் பேசவும் அவர் எலும்பு கிடக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வடக்கே இடப்பள்ளி. அங்கே புனித ஜார்ஜ் தேவாலயம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை திருவிழா, நேர்ச்சை கோழி. ரோமப் பேரரசில் 1,700 வருஷத்துக்கு முன் வெட்டுண்டு மாண்டதாகச் சொல்லப்படும் புனிதருக்கு இடப்பள்ளியில் சேவல் தருகிறார்கள். சமைத்துக் கூடியிருந்து சாப்பிடுகிறார்கள். காப்பிரிக்குச் சுருட்டு, ஜார்ஜுக்குக் கோழி.

மலையாளிகளைச் சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. நம் வீடுகளில் செத்தவருக்குப் பத்து நாள் பிண்டம் வைக்கிறோமே, அது எதற்கு? கருட புராணம் சொல்லும் கணக்கு நேரடியானது. உடலை எரித்தாயிற்று, உயிர் அந்தரத்தில் நிற்கிறது, நாளுக்கொரு பிண்டமாக அதற்கு ஒரு புது உடல் கட்டப்படுகிறது. ஒரு நாள் தலை, ஒரு நாள் கழுத்தும் தோளும் என்று. பத்தாம் நாள் அந்த உடலுக்குப் பசி வருகிறது. பசி வந்தால்தான் பயணம் தொடங்கும். ஆன்மா அழிவற்றது என்று வாயால் சொல்லிவிட்டு, கையால் சோற்றைப் பிசைந்து அதற்குக் கை கால் செய்துகொண்டிருக்கிறோம்.

ராஜா உடம்பில் சங்கரர்

கொச்சியிலிருந்து வடகிழக்கே பெரியாற்றங்கரையில் காலடி. ஆதிசங்கரர் பிறந்த ஊர். உடல் மெய்யல்ல, நீ உடல் அல்ல என்று இந்தியாவெங்கும் வாதிட்டு வென்றவர். அவரைப் பற்றி மாதவீய சங்கர விஜயம் சொல்லும் ஒரு சம்பவம், அவர் தத்துவத்துக்கே கொஞ்சம் இடைஞ்சலானது.

மண்டன மிசிரரை வாதத்தில் வென்றாயிற்று. மிசிரரின் மனைவி உபய பாரதி விடவில்லை. கணவரில் பாதி நான், என்னையும் வென்றால்தான் வெற்றி என்கிறாள். கேள்வி கேட்கிறாள், அதுவும் காமசாஸ்திரத்தில். எட்டு வயதில் சந்நியாசம் வாங்கியவர் என்ன சொல்வார்? தவணை கேட்கிறார். அப்போது இறந்துபோன அமருக ராஜாவின் உடலில் புகுந்துகொள்கிறார். தம் உடலை ஒரு குகையில் கிடத்தி, சீடர்களைக் காவலுக்கு வைக்கிறார். ராஜாவின் உடலில் அந்தப்புர வாழ்க்கை. கற்க வேண்டியதைக் கற்றாயிற்று. நாள் கடந்தும் திரும்பவில்லை. சீடர்கள் பாடகர் வேஷத்தில் போய்ப் பாடி நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இந்தக் கதையைச் சொன்னவர்கள் சங்கரரின் பெருமைக்குத்தான் சொன்னார்கள். ஆனால் கதை ரகசியமாக வேறு இரண்டு விஷயங்களை ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஒன்று, சில அறிவு உடல் இல்லாமல் வராது, சங்கரருக்கே வராது. இரண்டு, உடல் மாறினால் நினைவும் தடுமாறும். ராஜா உடம்பு ராஜா மறதியைத் தந்துவிடும். நரம்பியல் படித்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

பெரியபுராணத்துத் திருமூலர் கதை இன்னும் கூர்மையானது. அதில் ஒரு பெண் வருகிறாள். கயிலையிலிருந்து தெற்கே வந்த யோகி, சாத்தனூர் அருகே மூலன் என்ற இடையன் செத்துக் கிடப்பதையும், பசுக்கள் அவனைச் சுற்றிக் கதறுவதையும் பார்க்கிறார். பசுக்களின் துயரம் தாளாமல் மூலன் உடலில் புகுகிறார். மூலன் எழுகிறான். பசுக்கள் நக்கி, மோந்து, துள்ளுகின்றன. அவற்றுக்குச் சந்தேகமே இல்லை, வாசனை அதுதான். மாலையானதும் அவை வீடு திரும்புகின்றன, மூலனும் பின்னால் வருகிறான். மனைவி தொட வருகிறாள். தொடாதே, உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறான். ஊர் கூடுகிறது, இவன் பழைய மூலன் இல்லை, யோகத்தில் இருக்கிறான் என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். யோகி தம் பழைய உடலைத் தேடிப் போனால் அதைக் காணோம். பிறகு திருவாவடுதுறை அரசமரத்தடியில் அந்த இடையன் உடலிலேயே உட்கார்ந்து, ஆண்டுக்கொரு பாட்டாக மூவாயிரம் ஆண்டு பாடினார் என்பது வரலாறு.

யோகியின் கதியைப் பற்றி நம் சைவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த மனைவியின் கதியைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தெரிந்த கை, தெரிந்த முகம், உள்ளே வேறு ஆள். அன்று இரவு அவள் என்ன செய்திருப்பாள்?

போணேக்கரை கைகள்

அவள் நின்ற இடத்தில், ஏறக்குறைய அதே இடத்தில், நம் காலத்தில் சிலர் நின்றிருக்கிறார்கள். இடப்பள்ளியை ஒட்டிய போணேக்கரையில் அமிர்தா மருத்துவமனை இருக்கிறது. 2015 ஜனவரியில் இந்தியாவின் முதல் இரட்டைக் கை மாற்று அறுவை சிகிச்சை அங்கேதான் நடந்தது. பிளாஸ்டிக் சர்ஜரி துறைத் தலைவர் டாக்டர் சுப்பிரமணிய ஐயர் தலைமையில், மூளைச்சாவடைந்த ஓர் இளைஞரின் இரு கைகளும் இன்னொரு இளைஞருக்குப் பொருத்தப்பட்டன. எலும்பு, ரத்தக்குழாய், தசைநாண், நரம்பு என்று ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். விரல் நுனிக்கு உணர்வு வந்துசேர மாதக்கணக்கில் ஆகும்.

அதே ஆண்டு கண்ணிவெடியில் இரு கைகளையும் இழந்த ஆப்கானிஸ்தான் ராணுவ வீரர் ஒருவருக்கு, கொச்சிக்காரர் ஒருவரின் கைகள் பொருத்தப்பட்டன. இறந்தவரின் குடும்பத்தார் வந்து அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்த படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. காந்தகாரிலிருந்து வந்த முகம், வீட்டில் சோறு பிசைந்த கை. மூலனின் மனைவியை நினைக்காமல் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். வீரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

2017-இல், விபத்தில் கைகளை இழந்த வெளிமாநில மாணவி ஒருவருக்கு ஓர் ஆணின் கைகள் பொருத்தப்பட்டன. 20 அறுவை மருத்துவர்கள், 13 மணி நேரம். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தக் கைகள் மெலிந்தன. நிறமும் அவருடைய நிறத்துக்கு நெருங்கி வந்தது. ஏன் என்று மருத்துவர்கள் யூகங்கள்தான் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பு, அந்தக் கைகளால் அவர் எழுதிய எழுத்து விபத்துக்கு முன் அவர் எழுதியதைப் போலவே இருந்ததாக வந்த செய்தி. யோசித்தால் அப்படித்தானே இருக்க வேண்டும்? எழுத்து மூளையில் இருக்கிறது, கை வெறும் கருவி.

வெறும் கருவி என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. உலகின் முதல் வெற்றிகரமான கை மாற்று சிகிச்சை 1998-இல் பிரான்ஸின் லியோனில் நடந்தது. பெற்றுக்கொண்டவர் நியூசிலாந்துக்காரரான கிளின்ட் ஹாலம். அந்தக் கையோடு மனம் ஒட்டவில்லை என்றார். மருந்தை நிறுத்தினார். உடல் கையைத் தள்ளத் தொடங்கியது. 2001-இல் லண்டனில் அதை வெட்டி எடுக்க வைத்தார். மருத்துவர்கள் ரத்தத்தை இணைத்தார்கள், நரம்பை இணைத்தார்கள். அவருடைய பிரக்ஞை அந்தக் கைக்குள் குடிபோகவில்லை.

நேர்மாறாகவும் நடக்கும். கையை வெட்டி எடுத்த பிறகும் கை இருப்பதாகவே தோன்றும். விரல் மடங்கும், அரிக்கும், சில பேருக்குப் பொறுக்க முடியாத வலி எடுக்கும், அதுவும் வெறும் காற்றில். உடலுக்கு அப்பால் உணர்வு உண்டா என்று கேட்கிறவர்களுக்கு, உண்டு என்று கைநீட்டிக் காட்ட முடிந்த ஒரே உறுதியான உதாரணம் இதுதான் என்பேன். இதைத் துருவியவர்களில் முன்னணியில் இருப்பவர் நம் ஊர்க்காரர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியா போன வி. எஸ். ராமச்சந்திரன். கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டார். இல்லாத கையின் விரலில் தொடுவதாக அவர் சொன்னார். மூளையின் வரைபடத்தில் முகத்துக்கான இடம் கைக்கான இடத்தை அடுத்து இருக்கிறது. கையிலிருந்து தகவல் நின்றதும் அண்டைவீட்டுக்காரர் புகுந்துவிட்டார். பிறகு ராமச்சந்திரன் ஒரு பெட்டியில் சாதாரணக் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். பல வருஷமாக இறுகிக் கிடந்த இல்லாத விரல்கள் சிலருக்கு விரிந்தன, வலி குறைந்தது.

உடலைத் தாண்டி ஓர் உணர்வு இருந்தது உண்மை. அதை மூளை செய்துகொண்டிருந்தது என்பதும் உண்மை.

உத்தரத்திலிருந்து பார்த்தவர்கள்

சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவர்கள் சொல்வதை மட்டும் இப்படி மடக்கிவிட முடியுமா? டச்சு இதய மருத்துவர் பிம் வான் லொம்மல் 2001-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார். இதயம் நின்று பிழைத்த 344 பேர். 62 பேருக்கு, அதாவது 18 சதவீதத்தினருக்கு, ஏதோ ஓர் அனுபவம்: வெளிச்சம், செத்துப்போன உறவினர், மேலிருந்து தன் உடலையே பார்ப்பது. மூளை ஓய்ந்த நேரத்தில் இவ்வளவு தெளிவான அனுபவம் எப்படி என்று கேட்ட அவர், பிரக்ஞை மூளைக்குள் அடைபட்டதல்ல என்ற முடிவுக்குப் போனார். மற்றவர்கள் அவரோடு போகவில்லை.

அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்க் குழு, வலிப்பு நோய்ப் பெண் ஒருவரின் மூளையில் வலப்பக்க ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டியது. மேலிருந்து படுக்கையில் தன்னையே பார்க்கிறேன் என்றார் அவர். ஆனால் தெரிந்தது கால்களும் இடுப்புப் பகுதியும் மட்டும். உடலை விட்டுப் பறந்த ஆத்மாவுக்கு முழு உடல் தெரியாமல் போவானேன்?

மருத்துவர் சாம் பார்னியா நேரடியாகச் சோதித்துவிடலாம் என்று இறங்கினார். மருத்துவமனை அறைகளில் கூரையோரம் அலமாரி பொருத்தி, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி படங்கள் வைத்தார்கள். 15 மருத்துவமனைகள், 2,060 இதய நிறுத்தங்கள். 2014-இல் முடிவு வந்தது. பெரும்பாலானோர் பிழைக்கவில்லை, பிழைத்துப் பேட்டி கொடுத்தவர் 140 பேர். தன் இதயம் நின்றிருந்தபோது அறையில் நடந்ததை ஒரே ஒருவர் சரியாக விவரித்தார். அந்த அறையில் அலமாரி இல்லை!

இதைப் படித்து நான் சிரித்துவிட்டேன். ஆனால் சிரித்து ஒதுக்கவும் மனமில்லை. அந்த ஒருவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. 2023-இல் ஜிமோ போர்ஜிகின் குழு, செயற்கை சுவாசம் நிறுத்தப்பட்ட நான்கு பேரின் மூளை அலைகளைப் பதிவு செய்தது. இரண்டு பேரிடம் கடைசி நிமிஷங்களில் காமா அலைகள் திடீரென எழும்பின. ஓய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் மூளை முழுக்க ஓய்ந்திருக்கவில்லை போலும். என் கணக்கில், பிரக்ஞை மூளையை விட்டு வெளியே உலாவியதற்கு இதுவரை சான்று இல்லை. இருக்கும் சான்றுகள் மூளை எவ்வளவு பிடிவாதமானது என்பதற்குத்தான்.

கவனித்தால், திரும்பி வந்த எல்லோரும் ‘பார்த்தேன்’ என்கிறார்கள். உத்தரத்தின் உயரத்தில், ஒரு கோணத்தில், இரண்டு கண்ணால் பார்ப்பது போலவே பார்க்கிறார்கள். உடலை விட்டும் கண்ணை விடவில்லை.

ஆறு மணி நேரம்

வாதம் இப்படி இருக்க, இடப்பள்ளியில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில், படுத்திருப்பவர் போய்விட்டாரா இல்லையா என்பதற்கு இன்றே பதில் வேண்டும். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, மூளைச்சாவுதானா என்று நான்கு மருத்துவர்கள் கூடிச் சோதிக்க வேண்டும். கண்ணில் ஒளி அடிக்கிறார்கள், பாவை சுருங்குகிறதா? கருவிழியைத் தொடுகிறார்கள், இமை அசைகிறதா? காதில் குளிர்ந்த நீர் விடுகிறார்கள், விழி நகர்கிறதா? கடைசியாக, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து வென்டிலேட்டரைக் கழற்றுகிறார்கள். ரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு ஏறுகிறது. மூளைத்தண்டில் ஒரு துளி உயிர் இருந்தால் மூச்சு இழுக்கும். இழுக்கவில்லையா? குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடி எல்லாச் சோதனையும்.

வெளியே நிற்கும் மகன் கேட்பான்: “நெஞ்சு துடிக்குதே சார், ஒடம்பு சூடா இருக்கே, எப்பிடிப் போயிட்டார்ங்கிறீங்க?” எந்த வேதாந்தியும் இதைவிட நல்ல கேள்வி கேட்டுவிட முடியாது.

2008-இல் செங்கல்பட்டு அருகே விபத்தில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரனின் பெற்றோர் இருவரும் டாக்டர்கள். விடை அவர்களுக்குத் தெரிந்திருந்தது, மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். சென்னைத் தெருக்களில் போலீஸ் வழிவிலக்க அவன் இதயம் பறந்ததை மலையாளத்தில் ‘டிராஃபிக்’ என்று படமாக்கினார்கள், பிறகு தமிழில் ‘சென்னையில் ஒரு நாள்’. படம் இதயத்தின் வேகத்தைக் காட்டியது. மருத்துவமனையில் சிரமமானது அதற்கு முந்தைய மெதுவான நேரம். கேரளத்தில் 2020-இல் வந்த வழிகாட்டுதல் அந்த நேரத்தை ஓரளவு தெளிவாக்கியது: உறுப்பு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூளைச்சாவு சாவுதான்.

சட்டம் தெளிந்தாலும் குடும்பத்தின் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பாரோ? குறையோடு எரித்தால் ஆத்மா அலையுமோ? ஆத்மாவை நம்பாதவர்களுக்கு இந்தப் பயம் வராது. ஆத்மா உடலுக்கு அப்பாற்பட்டது என்று நம்புகிறவர்களுக்குத்தான் அந்த உடல் பின்னமாகிவிடக் கூடாதே என்ற கவலை. இதை மூடநம்பிக்கை என்று மேடையில் பேசுவது சுலபம். ஒரு தாயிடம் போய்ப் பேச முடியாது. சிறுநீரகம், கல்லீரல் கேட்பதைவிடக் கைகளைக் கேட்பது பல மடங்கு கடினம். உள்ளுறுப்பு போனது வெளியே தெரியாது, கை தெரியும். அதனால் கைகளை எடுத்த பிறகு, இறந்தவரின் உடலில் செயற்கைக் கைகளைப் பொருத்தித்தான் குடும்பத்திடம் ஒப்படைக்கிறார்கள். அதன்மேல் கோடி வேட்டி போர்த்தலாம், மோதிரம் இருந்தால் போடலாம், பிள்ளைகள் பிடித்துக்கொள்ளலாம்.